அரைகுறையாக இருக்கும்போதே காட்டுங்கள்

"முடியட்டும், அப்புறம் காட்டுகிறேன்" என்று சொல்லும் ஆய்வாளர்களைக் கண்டால் எனக்குக் கோபம்தான் வருகிறது. முடிந்தபின் வாழ்த்துவதைத் தவிர நாங்கள் என்ன செய்ய முடியும்?

யூதவியல் ஆய்வாளர்கள் பலரிடம் நல்ல பழக்கம் ஒன்று உண்டு. பாதியில் நிற்கும் கட்டுரையை முன்னமே அனுப்பிவிடுவார்கள். கூட்டத்தில் யாரும் எழுந்து நின்று வாசிப்பதில்லை, எல்லாரும் படித்துவிட்டு வந்து உட்கார்ந்ததும் கேள்விதான். கெய்ரோவின் பென் எஸ்ரா தொழுகைக்கூடத்தில் குவிந்து கிடந்த பழைய தாள்களை, அதாவது கெனிசாவை, ஆராய்ந்த வரலாற்றாசிரியர் கொய்ட்டைன் இந்திய வணிகக் கடிதங்களில்தான் முதலில் இறங்கினார். அது மத்தியதரைக்கடல் சமூகம் பற்றிய பல தொகுதிகளுக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டது. இந்தியப் புத்தகம் முடியாமலே 1985-இல் காலமானார். பிரீட்மன் என்ற ஆய்வாளர் அதை எடுத்து முடிக்க, ஆங்கிலத்தில் 2008-இல் வந்தது. கொய்ட்டைன் எழுதிவைத்த இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட குறிப்பு அட்டைகளை இன்று இணையத்தில் யாரும் பார்க்கலாம், கிறுக்கலும் அடித்தலுமாக.

இதையெல்லாம் சொல்லித்தான் நண்பர் ஒருவரை வற்புறுத்தி, அவருடைய வரைவை ராமநாதபுரம் மாவட்டத்துக் கீழக்கரையில் நாலைந்து பேருக்குக் கொடுக்க வைத்தேன். அந்தக் கெனிசாக் கடிதங்களில் வருகிற, 12-ஆம் நூற்றாண்டில் மங்களூரில் வெண்கலப் பட்டறை வைத்திருந்த ஆபிரகாம் பென் யிஜு என்ற யூத வணிகரைப் பற்றியது. ஏடனிலிருந்து அவருக்குக் காகிதம்கூட அனுப்பியிருக்கிறார்கள், இங்கே அது கிடைக்காது என்பதால்.

அந்தக் கடிதங்களில் எபிரேய எழுத்தில் அரபு மொழியை எழுதியிருப்பது எப்படி என்று மூன்று பத்தி விளக்கியிருந்தார் நண்பர். வந்திருந்த காக்கா (அண்ணன்) ஒருவர், கல்லூரிப் பக்கமே போகாதவர், "இதுக்கு எதுக்கு மூணு பத்தி? எங்க உம்மம்மா தமிழை அரபு எழுத்துலதானே எழுதுச்சு" என்றார். அரபுத்தமிழில் நூல் எழுதிய மாப்பிள்ளை லெப்பை ஆலிமின் ஊர் அது, அங்கே போய் இதை விளக்கினால் இப்படித்தான். இரண்டு பத்தி போயிற்று.

அடுத்த கேள்விதான் ஆளைச் சாய்த்தது. சரக்கு வரத் தாமதம், ஏடன் ஆள் மெத்தனம் என்று வரைவில் ஒரு வாதம். "அது எந்த மாசம் காக்கா? கச்சான் அடிக்கும்போது மேலக்கரையில கப்பல் எப்படிப் போவும்?" என்று இன்னொருவர் கேட்டார், நாட்டுப்படகு வைத்திருப்பவர். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று வீசும் ஜூன், ஜூலையில் மேற்குக் கரைத் துறைமுகங்கள் அடைத்துக் கிடக்கும் என்பது நண்பருக்கும் தெரியும். கடிதத்தின் தேதியை அதோடு பொருத்திப் பார்க்கத்தான் தோன்றவில்லை. இப்போது ஒரு முழு அத்தியாயத்தைத் திருத்திக்கொண்டிருக்கிறார், என்னைத் திட்டிக்கொண்டே.

அடுத்தது கீழக்கரைக்குப் பக்கத்தில் இருக்கும் பெரியபட்டினம். திருப்புல்லாணிக் கல்வெட்டில் வரும் சூதப்பள்ளியை யூதர் பள்ளியாக, அதாவது தொழுகைக்கூடமாகப் படிப்பவர்கள் இருக்கிறார்கள். அதைப் பற்றி எழுதுகிறவர் யாராவது இருந்தால், வரைவை இப்போதே அனுப்புங்கள். டீயும் வாடாப் பலகாரமும் எங்கள் செலவு.