ஐப்பசி மழைக்கு முன் ரயில் கன்ட்ரோலரைக் கொஞ்சம் கவனியுங்கள்

ஐப்பசி அடைமழை பிடிப்பதற்கு முன் மாடல் ரயில் வைத்திருப்பவர்கள் எல்லோரும் ஒரு தடவை வயரிங்கைப் பார்த்துவிடுவது நல்லது. சென்னையில் மழையோடு இடியும் வரும், கரண்டும் போய்ப் போய் வரும். நம்மிடம் இருக்கும் டிசிசி (தண்டவாளம் வழியாகவே ஒவ்வொரு எஞ்சினுக்கும் தனித்தனி டிஜிட்டல் கட்டளை அனுப்பும் முறை) கன்ட்ரோலர்களோ பெரும்பாலும் வெளிநாட்டுச் சரக்கு. பழுதானால் லேசில் ஆள் கிடைக்காது.

ஸ்டெபிலைசர் வாங்கி வைத்துவிட்டால் போதும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். மெதுவாக ஏறி இறங்கும் வோல்டேஜுக்குத்தான் அது. மின்னலில் வரும் சர்ஜ் மைக்ரோ நொடிகளில் பாய்ந்து முடிந்துவிடும். அதற்கு எம்ஓவி (அதிக வோல்டேஜ் வந்தால் அதைத் தன் வழியே திருப்பிவிடும் பாகம்) வைத்த சர்ஜ் புரொடெக்டர் வேண்டும், அதற்கு உருப்படியான எர்த்தும் வேண்டும். பெரம்பூரில் எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளில் பிளக்கில் மூன்று ஓட்டை இருக்கும், மூன்றாவதற்குப் பின்னால் வயரே இருக்காது.

அதைவிடப் பெரிய ஆபத்து நியூட்ரல் கட். த்ரீ ஃபேஸ் லைனில் நியூட்ரல் அறுந்தால் 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 300, 350 என்று ஏறி, 400ஐக்கூட நெருங்கலாம். "அந்த நேரத்துல உங்க சர்ஜ் பாக்ஸ் தாங்காதும்மா, அதுவே கருகிடும்" என்றார் எங்கள் எலக்ட்ரீசியன் அண்ணன். அவர் சொன்னது சரி. எம்ஓவி நொடிப்பொழுது அடியைத்தான் வாங்கும், நின்று அடித்தால் எரிந்துவிடும். அதனால் மெயின் போர்டில் ஓவர் வோல்டேஜ் கட்-ஆஃப் ஒன்று போட்டுவிட்டேன். கரண்ட் திரும்பி வந்ததும் உடனே லைன் கொடுக்காமல் சில நிமிடம் பொறுத்துக் கொடுக்கிற வகை அது. ஃபிரிட்ஜுக்கும் நல்லது.

இடி வரும் போலிருந்தால் சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டுப் போகாதீர்கள். நம் வீட்டு சுவிட்ச் ஃபேஸை மட்டும்தான் துண்டிக்கும், நியூட்ரல் அப்படியே தொடர்பில் இருக்கும். பிளக்கையே பிடுங்கிவிட வேண்டும். அமெரிக்காவிலிருந்து யாராவது கொண்டுவந்து கொடுத்த செட் என்றால் அடாப்டரில் 100-240 என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். வெறும் 120 என்று இருந்தால் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் செருகவே கூடாது.

சரி, சுவர்ப் பக்கம் முடிந்தது. என் கணிப்பில், எஞ்சினுக்குள் இருந்து கட்டளையைப் படிக்கும் டிகோடர்கள் அதிகம் சாவது தண்டவாளப் பக்கத்தில்தான், அதைத்தான் யாரும் பார்ப்பதில்லை. பாயின்ட்டில் (தடம் பிரியும் இடத்தில்) ஒரு சக்கரம் இறங்கினால் ஷார்ட். தண்டவாளத்துக்குக் கரண்ட் கொடுக்கும் பூஸ்டர் அதைக் கண்டுபிடித்து உடனே கட் செய்ய வேண்டும். ஆனால் பூஸ்டரிலிருந்து லேஅவுட் முழுக்க ஓடும் பஸ் வயர் ஒல்லியாக இருந்தால் அதன் ரெசிஸ்டன்ஸிலேயே கரண்ட் மட்டுப்பட்டுவிடும், பூஸ்டருக்கு அது ஷார்ட் என்றே தெரியாது. 15 வோல்டில் 4 ஆம்பியர் என்றால் 60 வாட். அந்தச் சூடு வயரிலும், அந்தச் சக்கரத்திலும், பிளாஸ்டிக் போகியிலும் இறங்கும். இதைச் சோதிக்க ஒரு இரண்டு ரூபாய் நாணயம் போதும். லேஅவுட்டின் எல்லா மூலைகளிலும் தண்டவாளத்தின் குறுக்கே வையுங்கள். வைத்த உடனே பூஸ்டர் டிரிப் ஆக வேண்டும். ஆகாத இடத்தில் நாணயத்தை விட்டுவைக்காமல் சட்டென்று எடுத்துவிட்டு, வயரை மாற்றுங்கள். நான் 2.5 சதுர மில்லிமீட்டர் வயர் போட்டு, சில அடிக்கு ஒரு ஃபீடர் (பஸ் வயரிலிருந்து தண்டவாளத்துக்குப் போகும் சிறு வயர்) இறக்கியிருக்கிறேன்.

ஷார்ட் விலகும் கணத்தில் இன்னொரு அடி விழும். நீள வயரில் ஓடிக்கொண்டிருந்த கரண்ட் திடீரென்று நின்றால் வோல்டேஜ் துள்ளும். டிகோடரைக் கொல்வது அந்தத் துள்ளல். இரண்டு பஸ் வயரையும் முறுக்கி விடுங்கள். கடைசி முனையில் 100 ஓம், 2 வாட் ரெசிஸ்டரையும் 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரையும் தொடராக இணைத்து, இரு வயருக்கும் குறுக்கே வையுங்கள். ரிச்சி ஸ்ட்ரீட்டில் சில்லறைக்கே கிடைக்கும். பெரிய பூஸ்டர் வைத்திருப்பவர்கள் ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு 12 வோல்ட் 21 வாட் பிரேக் லைட் பல்பைத் தொடரில் போடலாம். புதுப்பேட்டையில் எந்த ஸ்பேர்ஸ் கடையிலும் இருக்கும். ஷார்ட் ஆனால் பல்பு பளிச்சென்று எரியும், கரண்ட் சுமார் 2 ஆம்பியரோடு நின்றுவிடும். ஷார்ட் எந்தப் பிரிவில் என்பதையும் பல்பே காட்டிக் கொடுக்கும்.

டிகோடரின் செட்டிங்கை மாற்றப் பயன்படும் புரோகிராமிங் டிராக்கை மெயின் தண்டவாளத்தோடு ஒட்டி வைத்திருந்தால் நடுவில் ஒரு எஞ்சின் நீளத்துக்குக் கரண்ட் இல்லாத துண்டு விடுங்கள். இல்லையென்றால் எஞ்சின் சக்கரங்களே இரண்டு அவுட்புட்டையும் சேர்த்துவிடும். பழைய டிசி பவர் பேக்கை அதே லேஅவுட்டில் மாட்டி வைப்பதும் வேண்டவே வேண்டாம்.

அப்புறம், கன்ட்ரோலரோடு யூஎஸ்பியில் இணைக்கும் லேப்டாப். இரண்டு பின் சார்ஜர் போட்ட லேப்டாப்பின் உலோக மூடியைத் தொட்டால் சுர்ரென்று இருக்குமே, அந்தக் கசிவு யூஎஸ்பி வழியாகக் கன்ட்ரோலருக்கும் போகும். பேட்டரியில் ஓட்டுங்கள், அல்லது யூஎஸ்பி ஐசொலேட்டர் ஒன்று நடுவில் போடுங்கள். வைஃபையில் இயக்க முடிகிற செட் என்றால் கேபிளே தேவையில்லை. பக்கத்து வீட்டுத் தம்பி வந்தால் போனில்தான் ரயில் ஓட்டுகிறான்.