காலர் இருந்தா போதுமா?

கோட்டு, சூட்டு, டை கட்டாயம் என்று சொல்லிவிட்டால் வேலை சுலபம். பீரோவில் இருக்கிற ஒரே சூட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடலாம். "சும்மா கேஷுவலா வாங்க" என்பார்களே, அப்போதுதான் வயிற்றில் புளியைக் கரைக்கும்.

எங்கள் அலுவலக ஆண்டு விழா மெயிலில் நாள், நேரம், இடம் எல்லாம் போட்டு, அடியில் "உடை: ஸ்மார்ட் கேஷுவல்" என்று ஒரு வரி. நாளைப் பற்றியோ இடத்தைப் பற்றியோ ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. அந்த ஒரு வரிக்கு வாட்ஸ்அப் குழு அல்லோலகல்லோலப்பட்டது.

"ஜீன்ஸ் போடலாமா?"

"போடலாம். கிழிசல் இருக்கக் கூடாது."

"வாங்கும்போதே அப்படித்தான் இருந்துச்சு. நான் கிழிக்கல."

ஹெச்.ஆர். மேடம் பொறுமையாக விளக்கினார். பிசினஸ் கேஷுவல் என்றால் டை வேண்டாம். ஆனால் காலர் வைத்த சட்டை, சினோஸ் என்கிற காட்டன் பேன்ட் அல்லது ஃபார்மல் பேன்ட், ஷூ. ஸ்மார்ட் கேஷுவல் அதற்கு ஒரு படி கீழே. வெளுக்காத அடர்நீல ஜீன்ஸ் பரவாயில்லை. மேலே பிளேசர் போட்டால் உள்ளே படமோ எழுத்தோ இல்லாத டி-சர்ட்கூடப் பரவாயில்லை. வெறும் கேஷுவல் என்றால் டி-சர்ட், ஸ்னீக்கர்ஸ்.

கணக்குப் பிரிவு அண்ணன் ஒருவர், "அப்போ காலர் இருந்தா போதும்ல?" என்று கேட்டு ஒரு படம் அனுப்பினார். காலர் வைத்த கிரிக்கெட் ஜெர்சி. முதுகில் அவர் பெயர், கீழே பெரிதாக நம்பர். மேடம் டைப் செய்வதாக ரொம்ப நேரம் காட்டிக்கொண்டிருந்தது. பதில் மட்டும் வரவே இல்லை.

ஆண்களுக்காவது காலர் என்று ஒரு கணக்கு இருக்கிறது. பெண்களுக்கு அதுவும் கிடையாது. "ஸ்லீவ்லெஸ் ஓகேவா மேடம்?" என்ற கேள்விக்கு வந்த பதில், "உங்க சௌகரியம்." அது சம்மதமா எச்சரிக்கையா என்று பெண்களுக்குள் தனிக் குழுவில் விவாதம் நடந்ததாகக் கேள்வி.

இந்தத் தலைவலியைக் கிளப்பியதில் துணி விற்கிறவர்களுக்கும் பங்கு உண்டு. ஹவாயில் 1966-இல் வெள்ளிக்கிழமை ஆபீசுக்குப் பூப்போட்ட சட்டை போடும் வழக்கத்தைப் பிரச்சாரம் செய்து பரப்பியது அங்கிருந்த ஆடைத் தயாரிப்பாளர்கள். 1992-இல் லீவைஸ் நிறுவனம், வேலைக்குப் போட்டுப் போகத் தகுந்த கேஷுவல் எது என்று ஒரு கையேடே அச்சடித்து அமெரிக்க ஹெச்.ஆர். ஆட்களுக்கு அனுப்பியது. பேன்ட்டை விற்கிறவரே விதியையும் எழுதித் தந்தால் விதி யார் பக்கம் இருக்கும்?

அமெரிக்க கார் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸில் மேரி பாரா மனிதவளப் பொறுப்பில் இருந்தபோது, பத்துப் பக்க உடை விதியைத் தூக்கிப் போட்டுவிட்டு "பொருத்தமாக உடுத்துங்கள்" என்று முடித்துவிட்டார். உடனே ஒரு அதிகாரியிடமிருந்து புகார்: என் ஆட்கள் திடீரென்று அரசாங்க ஆட்களைப் பார்க்கப் போக வேண்டி வருமே, ஜீன்ஸோடு எப்படிப் போவது? கடைசியில் அந்த டீமே கூடிப் பேசி, அப்படிப் போக வேண்டியவர்கள் மட்டும் ஆளுக்கொரு நல்ல பேன்ட்டை லாக்கரில் வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தது.

எங்கள் ஆபீசில் லாக்கர் பேன்ட் கிடையாது. ஒரு நீல பிளேசர் உண்டு. அது எங்கள் டீம் சாருடையது, அவர் நாற்காலி முதுகிலேயே குடியிருக்கும். கிளையன்ட் வீடியோ காலில் வந்தால், யார் பேசுகிறாரோ அவர் தோளுக்கு ஏறும். கேமராவுக்குக் கீழே என்ன போட்டிருக்கிறோம் என்பது அவரவர் மனசாட்சிக்குத்தான் தெரியும்.

விழாவுக்கும் அது வந்தது. எம்.டி. ரவுண்டு நெக் டி-சர்ட்டில் வந்து இறங்கினார். அவர் போட்டால் எளிமை, நாம் போட்டால் அலட்சியம். அதனால் விருது வாங்க மேடையேறியவர்கள் யாரும் துணிச்சலைக் காட்டவில்லை. படிக்கட்டருகே பிளேசர் கைமாறிக்கொண்டே இருந்தது. ஒருவருக்குக் கை விரலை மூடியது, இன்னொருவருக்கு மணிக்கட்டைத் தாண்டவில்லை. ஜெர்சி அண்ணன் எல்லாப் பட்டனையும் போட்டுக்கொண்டு, மூச்சை அடக்கி, முதுகைக் காட்டாமல் பக்கவாட்டில் நடந்தே இறங்கினார்.

கடைசியாக டீம் சாரின் பெயரைக் கூப்பிட்டார்கள். பிளேசர் அப்போது யாரோடோ செல்ஃபி எடுக்கப் போயிருந்தது. வெறும் சட்டையோடு அவர் மேடையேறி இறங்கியதும் ஹெச்.ஆர். மேடம் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார்: "எல்லாரும் எவ்வளவு நீட்டா பிளேசர்ல வந்திருக்காங்க. நீங்க ஒண்ணு வாங்கி வெச்சுக்கக் கூடாதா சார்?"