ஒரே நாளில் போட்ட சட்டம்

1967-இல் ஹாங்காங்கில் சீன ஆதரவு இடதுசாரிகள் பிரிட்டிஷ் காலனி ஆட்சிக்கு எதிராக நடத்திய கலவரத்தை பிரிட்டிஷார் துப்பாக்கியால் மட்டும் அடக்கவில்லை. கையில் 1922-இன் அவசரகாலச் சட்டம் இருந்தது. அந்த ஆண்டு நடந்த கப்பல் தொழிலாளர் வேலைநிறுத்தத்தை முறிக்க ஒரே நாளில் நிறைவேற்றிய சட்டம் அது. பொதுநலனுக்கு எது தேவை என்று ஆளுநர் நினைக்கிறாரோ, அதையெல்லாம் விதியாக்கலாம். அவ்வளவு அகலமான வாசல்!

1967 மே மாதம் சான் போ காங் பகுதியில் பிளாஸ்டிக் பூ தொழிற்சாலைத் தகராறில் கலவரம் தொடங்கியது. ஹாங்காங்கிலிருந்த சீன வங்கிக் கட்டடத்து ஒலிபெருக்கிகள் இடதுசாரிப் பிரசாரத்தை அலறின. எதிரே அரசு இன்னும் பெரிய ஒலிபெருக்கிகளைக் கட்டிப் பாட்டுப் போட்டது. சிரிப்பு வரும். ஆனால் மே 24 அன்றே, தூண்டிவிடும் ஒலிபரப்புக்குத் தடைவிதி வந்துவிட்டது. ஆகஸ்டில் மூன்று இடதுசாரிப் பத்திரிகைகளை நிறுத்தினார்கள். அதற்குப் பதிலடியாக பெய்ஜிங்கில் பிரிட்டிஷ் தூதரக அலுவலகம் எரிந்தது. பிரிட்டிஷாரின் கணக்கு தப்பிய இடம் அதுதான்.

சாவு 51. இடதுசாரிகள் தெருவில் வைத்த குண்டுகள் பொதுமக்களையே அவர்களுக்கு எதிராகத் திருப்பின. ஆளுநர் டிரெஞ்சுக்கு அதைவிடப் பெரிய உதவி கிடையாது.

அடுத்த ஆண்டே, மக்களின் குறைகளைக் கேட்க மாவட்ட அலுவலர் திட்டமும் புதிய தொழிலாளர் சட்டமும் வந்தன. 1922 சட்டத்தை மட்டும் யாரும் தூக்கி எறியவில்லை. 2019-இல் போராட்டக்காரர்கள் முகமூடி அணிவதைத் தடை செய்ய ஹாங்காங் அரசு எடுத்ததும் அதே சட்டத்தைத்தான்.