இரண்டு நிலவுகளும் ஒரு கிணறும்

நான் எழுதிக்கொண்டிருக்கும் அறிவியல் புனைகதைக்கு ஓர் உலகத்தைக் கட்டத் தொடங்கி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. முதல் வரைவில் ஒன்பது அரச குலங்கள், அவற்றின் கொடிகள், ஒரு புது மொழியின் இலக்கணம், வண்ணம் தீட்டிய வரைபடம் எல்லாம் இருந்தன. முதல் அத்தியாயத்தை அச்செடுத்து, யாழ்ப்பாணத்துப் புத்தூரில் தோட்டம் செய்யும் பெரியப்பாவிடம் கொடுத்தேன். அவர் விறாந்தையில் இருந்து கடைசித் தாள்வரை வாசித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "பிள்ளை, உந்தக் கோட்டைக்குள்ளை பத்தாயிரம் சனம் இருக்கெண்டு எழுதியிருக்கிறாய். அதுகள் தண்ணிக்கு எங்கை போகுதுகள்?" என்று கேட்டார்.

மலையுச்சியில் கோட்டையை வைத்த எனக்கு அந்தக் கேள்வி ஒருமுறைகூட எழுந்திருக்கவில்லை. கிணற்றடியிலேயே வளர்ந்தவளுக்கு அது எழாமல் போனது என்னை இன்னும் வருத்துகிறது.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. வழுக்கையாறும் மாரியில் மட்டுமே ஓடுவது. மழைநீர் சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளுக்குள்ளும் பொந்துகளுக்குள்ளும் இறங்கி, அடியில் ஊடுருவியிருக்கும் கடல்நீரைவிட எடை குறைந்ததாகையால், அதன்மேல் ஒரு வில்லையைப் போல மிதந்து நிற்கிறது. நன்னீர் கடல் மட்டத்துக்கு மேல் 1 மீற்றர் உயர்ந்து நின்றால் கீழே ஏறத்தாழ 40 மீற்றர் ஆழம்வரை அது இருக்கும் என்பது நிலத்தடி நீரியலில் பழைய கணக்கு. நன்னீரின் அடர்த்தி 1 என்றால் கடல்நீரின் அடர்த்தி ஏறத்தாழ 1.025; அந்தச் சிறு வேறுபாட்டிலிருந்துதான் 40 என்ற எண் பிறக்கிறது. அதே கணக்கைத் திருப்பிப் போட்டால் அச்சமாக இருக்கும்: இறைத்து இறைத்து மேல்மட்டத்தை 1 மீற்றர் குறைத்துவிட்டால், காலப்போக்கில் உவர்நீர் கீழிருந்து 40 மீற்றர் ஏறிவர இடம் கொடுத்துவிடுகிறோம். பெரியப்பாவின் தோட்டத்துக்கு அண்மையிலுள்ள நிலாவரைக் கிணற்றை அடி காணாத கிணறு என்று ஊர் சொல்லும். அதன் மேல்நீர் நன்னீராகவும் ஆழத்து நீர் உவராகவும் இருப்பதற்கும் இதே அமைப்புத்தான் காரணம்.

அன்றிரவு கொடிகளையும் குலங்களையும் ஒதுக்கி வைத்துவிட்டு, ஆறில்லாத ஒரு சுண்ணாம்புத் தீவை வரைந்தேன். அதற்குமேல் நான் செய்த மாற்றம் ஒன்றே ஒன்று: வானில் இரண்டு நிலவுகளை வைத்தேன். ஒன்று 20 நாளில் சுற்றி வருகிறது, மற்றது 30 நாளில். கதிரவனின் இழுவையை இப்போதைக்குக் கணக்கில் எடுக்காவிட்டால், இரண்டும் ஒரே பக்கத்திலோ எதிரெதிராகவோ ஒரு கோட்டில் நிற்பது 30 நாளுக்கு ஒரு முறை. அந்நாளில் கடல் மிக உயர்ந்து பொங்கும். கல்லின் பொந்துகள் வழியாக அந்த ஏற்றம் தீவின் உள்ளேயும் புகும். கரையோரக் கிணறுகள் சில நாள்களுக்கு உவர்த்துப்போகும். அந்த மக்களின் மாதம் எது என்பதை நான் தீர்மானிக்க வேண்டியே இருக்கவில்லை. உவர்நாள்களில் திருமணம் வைக்கமாட்டார்கள். நடுத்தீவில் நிலம் உள்ளவனுக்குக் கரையோரத்தான் எப்போதும் கடன்பட்டிருப்பான்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதற்குப் பிறகே வந்தது. பெரியப்பாவின் இளமையில் இறைப்பு என்பது துலா என்னும் கிணற்று ஏற்றத்தை மிதித்துச் செய்வது: ஒருவர் துலாவில் ஏறி முன்னும் பின்னும் நடப்பார், கீழே நிற்பவர் தண்ணீர் அள்ளும் பட்டையைக் கவிழ்த்து வாய்க்காலில் ஊற்றுவார், இன்னொருவர் பாத்தி பாத்தியாகத் தண்ணீர் கட்டுவார். மனிதக் காலின் களைப்பே கிணற்றுக்குக் காவலாக இருந்தது. பிறகு மண்ணெண்ணெயில் ஓடும் மிசின் வந்தது, அதற்குக் களைப்பில்லை. என் தீவில் இறைப்பு மிசினைச் செய்பவன் அயலவரின் கண்ணுக்குக் கொலைகாரனுக்கு நிகரானவன். ஆயினும் தன் பிள்ளைகளின் பசிக்காக அதைச் செய்பவன் மீது எவராலும் முழுக்கோபம் கொள்ள முடியாது. ஒன்பது குலங்கள் தராத கதையை ஒரு நீர்மட்டம் தந்தது.

சட்டத்தையும் நான் தொலைவில் தேடவில்லை. 1707 இல் ஒல்லாந்தர் ஆட்சியில் தொகுக்கப்பட்ட தேசவழமை என்னும் யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டம், வழிவழி வந்த முதுசம், பெண்ணுக்குக் கொடுக்கும் சீதனம், மணவாழ்வில் சேர்த்த தேடிய தேட்டம் என்று சொத்தைப் பிரிக்கிறது. பங்காளிக்கு அறிவிக்காமல் பங்கைப் பிறருக்கு விற்பதற்கும் அதில் தடையுண்டு. எங்கள் வீட்டுக் காணி உறுதிப் பத்திரத்தில் நிலத்தின் அளவோடு கிணற்றுப் பங்கும் வழிவாய்க்காலும் தனியே எழுதப்பட்டிருக்கின்றன. அந்தத் தாளை மடியில் வைத்துக்கொண்டு, நீர்ப்பங்கு தாயிடமிருந்து மகளுக்கு மட்டுமே செல்லும் ஓர் உலகத்தில் வழக்குகள் எப்படி நடக்கும் என்று இரண்டு மாதங்கள் எழுதினேன். பெயர்களுக்கு அவ்வளவு நேரம் செல்லவில்லை. கொக்குவில், இணுவில், உடுவில் என்னும் பெயர்களிலுள்ள வில் என்பதற்கு நீர்நிலை என்று பொருள் கூறுவர். என் ஊர்ப்பெயர்களும் கிணற்றின் சுவையை இறுதியில் தாங்கி நிற்கின்றன.

தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றது. உணவு, மரம், புள், பறை, தொழில் முதலியவற்றைக் கருப்பொருளாக்கியது. மாந்தரின் ஒழுக்கத்தை உரிப்பொருளாக்கியது. பள்ளியில் பரீட்சைக்காக மனனம் செய்த அந்தப் பகுப்பை, உலகம் கட்டுவோர் பின்பற்ற வேண்டிய வேலை ஒழுங்காக இப்போது நான் மேசைக்கு எதிரே ஒட்டி வைத்திருக்கிறேன்.

புதிய முதல் அத்தியாயம் ஒரு பெண்ணோடு தொடங்குகிறது. நிலவுகள் நேர்கோட்டுக்கு வந்த நாளின் மறுநாள் விடிய முன்பு, அவள் முதற்பட்டைத் தண்ணீரை உள்ளங்கையில் ஏந்தி, நாவில் வைத்து, துப்பிவிட்டு, துலாக்கயிற்றில் சிவப்புத் துணியைக் கட்டுகிறாள். சென்ற கிழமை இதையும் பெரியப்பாவிடம் கொடுத்தேன். இம்முறை அவர் தண்ணீரைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "உவர்நாளிலை மாடுகளுக்கு என்ன குடுக்கினம்?" என்று மட்டும் கேட்டார். ஆதலால் இந்தக் கிழமை முழுவதும் மாடுகளைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன்.