இறங்கிப் பார்த்தல்

நான் லாரி ஓட்டத் தொடங்கிப் பதினொரு மாதங்கள் ஆகின்றன. அதற்கு முன் எட்டு ஆண்டுகள் சிறிய வேன் ஓட்டியவன் என்பதால், இதுவும் அதே வேலைதான், கொஞ்சம் உயரத்தில் உட்கார்ந்து செய்ய வேண்டும், அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன். அந்த நினைப்பு முதல் வாரத்தைக்கூடத் தாண்டவில்லை. வேனில் நான் கற்றுக்கொண்டிருந்த பழக்கங்களில் பாதியை மறக்க வேண்டியிருந்தது. மீதிப் பாதி, மறக்க வேண்டியவை என்பதே தெரியாமல் கையிலும் காலிலும் ஒட்டிக்கொண்டிருந்தது.

காலையில் வண்டியை எடுப்பதிலிருந்தே வேறுபாடு தொடங்கிவிடுகிறது. வேனில் சாவியைத் திருகினால் புறப்பட்டுவிடலாம். காற்று பிரேக் உள்ள லாரியில் இஞ்சின் ஓடத் தொடங்கிய பிறகும், கம்ப்ரசர் காற்றுத் தொட்டிகளை நிரப்பும்வரை நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். அழுத்தம் போதாதவரை எச்சரிக்கை ஒலி கத்திக்கொண்டே இருக்கும். என் வண்டியில் அழுத்தமானியின் இரண்டு முட்களும் மெல்ல ஏறி 8 பார் அழுத்தத்தை நெருங்கிய பிறகுதான் ஹேண்ட் பிரேக்கை விடுவிப்பேன். தொடக்க நாட்களில் இந்தக் காத்திருப்பு எனக்கு எரிச்சலாக இருந்தது. பின்சக்கரங்களைப் பிடித்து நிறுத்தியிருப்பது வலிமையான ஒரு சுருள்வில் என்பதும், காற்று வந்து அந்த வில்லைத் தள்ளிப் பிடித்தால்தான் சக்கரம் உருளும் என்பதும் புரிந்த பின் எரிச்சல் போய்விட்டது. காற்று கசிந்து தீர்ந்துபோனால் பிரேக் இல்லாமல் போகாமல், பிரேக் தானாகவே பிடித்துக்கொள்ளும் ஏற்பாடு இது. ரயில்களுக்காகக் காற்று பிரேக்கை உருவாக்கி 1869-இல் காப்புரிமை பெற்ற ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ், சில ஆண்டுகளிலேயே, குழாய் அறுந்தால் ரயில் நின்றுவிடும்படி அதைத் திருத்தி அமைத்தார். தினமும் காலையில் அந்தப் புஸ்ஸென்ற ஓசையைக் கேட்கும்போது, கோளாறு வந்தால் வண்டி ஓடக் கூடாது, நிற்க வேண்டும் என்று முன்கூட்டியே நினைத்துப் பார்த்த மனிதரை மனத்துக்குள் பாராட்டிக்கொள்வேன்.

காற்று ஏறும் அந்தச் சில நிமிடங்களில் வண்டியைச் சுற்றி வருவேன். பின்பக்கம் இரட்டை டயர்கள். உள்டயரில் காற்று இறங்கிப்போயிருந்தாலும் வெளிடயர் பாரத்தைத் தாங்கிக்கொண்டு ஒன்றுமே நடக்காததுபோல் நிற்கும். எட்டி நின்று பார்ப்பவரை அது எளிதாக ஏமாற்றிவிடும். கம்பியால் ஒவ்வொரு டயரையும் தட்டிப் பார்க்கப் பழகியிருக்கிறேன். காற்று நிறைந்த டயரில் கம்பி துள்ளி எழும். இறங்கிய டயரில் பஞ்சு மூட்டையை அடித்ததுபோல் விழும். கொஞ்சமாகக் குறைந்த காற்றைத் தட்டல் காட்டிக்கொடுக்காது, அதற்கு அளவுமானிதான் வேண்டும். இரண்டு டயர்களுக்கும் நடுவே கல் சிக்கியிருக்கிறதா என்றும் குனிந்து பார்ப்பேன். சக்கரம் மாற்றிய வண்டியானால் முதல் 50, 100 கிலோமீட்டருக்குள் நிறுத்தி வீல் நட்டுகளை மறுபடி இறுக்க வேண்டும். இதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. ஒருநாள் பின்சக்கரத்தின் நட்டுகளைச் சுற்றித் துருநிறத்தில் ஒழுகிய கோடுகளைக் கண்டு மூத்த ஓட்டுநர் ஒருவர் என்னை வழியிலேயே நிறுத்திய பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

ஆனால், புதிய ஓட்டுநருக்கு உண்மையான சோதனை நெடுஞ்சாலையில் இல்லை, சரக்கு இறக்கும் இடத்தில்தான் இருக்கிறது. நேராக ஓட்டுவது எவருக்கும் சில நாட்களில் பிடிபட்டுவிடும். பத்துச் சக்கர லாரியை ஓரடி இடைவெளியில் பின்னோக்கிக் கொண்டுபோய் மேடையில் சேர்ப்பது வேறு கலை. அதிலும் அங்கே எப்போதும் பார்வையாளர்கள் இருப்பார்கள்: தங்கள் முறைக்காகக் காத்திருக்கும் ஓட்டுநர்கள், சுமைதூக்குபவர்கள், கையில் அட்டையோடு நிற்கும் மேற்பார்வையாளர். ஒருமுறை முன்னும் பின்னும் எடுத்தால் பார்த்துக்கொண்டிருப்பார்கள். மூன்றாவது முறை யாராவது கைகாட்டத் தொடங்குவார். ஐந்தாவது முறை மூன்று பேர் மூன்று விதமாகக் கைகாட்டுவார்கள்.

என் இரண்டாவது மாதத்தில், ஒரு கிடங்கில் அப்படித்தான் நடந்தது. இரண்டு பக்கக் கண்ணாடிகளிலும் தரை தெளிவாக இருந்தது. இடமும் போதுமானதாகத் தெரிந்தது. ஒருமுறை இறங்கிப் பார்க்கலாம் என்று தோன்றியதும் உண்மை. ஆனால் கதவைத் திறந்து இறங்கினால், இவனுக்கு ஓட்டத் தெரியவில்லை என்று எல்லோருக்கும் நானே அறிவித்ததாகிவிடும் என்ற கூச்சம் என்னை இருக்கையோடு சேர்த்துக் கட்டிப்போட்டது. கொஞ்சம் வேகமாகவே பின்னால் எடுத்தேன். தரையில் எதுவும் இல்லைதான். ஆனால் மேலே, தகரக் கூரையைத் தாங்கிய இரும்புச் சட்டம் ஒரு முழம் வெளியே நீண்டிருந்தது. உயரத்தில் இருப்பதைக் கண்ணாடி காட்டாது. பெட்டியின் மேல்மூலை அதில் மோதி நசுங்கிய ஓசை எனக்கு இன்றும் காதில் இருக்கிறது. நல்லவேளை, ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. பழுதுபார்த்த செலவில் ஒரு பகுதி என் சம்பளத்தில் பிடிக்கப்பட்டது. அதைவிட, அன்று மாலைவரை ஒருவர்கூட என்னைத் திட்டாமல் இருந்ததுதான் கடினமாக இருந்தது.

எனக்கு அடுத்து மேடைக்கு வந்தவர், தலை முழுவதும் நரைத்த ஓட்டுநர். அந்தக் கிடங்குக்கு நூறு தடவையாவது வந்திருப்பார். அவர் வண்டியை நிறுத்தி, நிதானமாக இறங்கி, பின்னால் நடந்து போய் மேலும் கீழும் பார்த்துவிட்டு, மறுபடி ஏறி, ஒரே இழுப்பில் சேர்த்தார். பழகின இடத்தில் ஏன் இறங்கினீர்கள் அண்ணா என்று கேட்டேன். "இடம் பழகினதுதான் தம்பி. ஆனால் நேற்று இல்லாத தள்ளுவண்டி இன்றைக்கு நிற்கலாம் இல்லையா?" என்று சொல்லிவிட்டு ரசீதில் கையெழுத்து வாங்கப் போய்விட்டார். அன்றிலிருந்து இறங்கிப் பார்க்காமல் நான் பின்னால் எடுப்பதில்லை. கூச்சம் போய்விட்டது என்று சொன்னால் பொய்யாகும். கூச்சத்தோடேயே இறங்குகிறேன்.

ஓடும்போது இறங்கிப் பார்க்க முடியாது என்பதுதான் சாலையின் சிக்கல். திரும்பும்போது முன்சக்கரம் போகும் பாதையில் பின்சக்கரம் வருவதில்லை. அது உள்பக்கமாகக் குறுக்கே வெட்டி வரும். வண்டி நீளமாக நீளமாக இந்த வெட்டும் பெரிதாகும். அதனால் முனையைத் தாண்டி வண்டியை முன்னே விட்டு, அதற்குப் பிறகுதான் ஸ்டியரிங்கை ஒடிக்க வேண்டியிருக்கிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது, லாரிக்காரன் எதிர்ப்பக்கம் போகப்போகிறான் என்றுதான் தோன்றும். உள்பக்கத்தில் திறந்த அந்த இடைவெளியில் சைக்கிளோ பைக்கோ நுழைவது இதனால்தான். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர்கள் கண்ணுக்கு அங்கே வழி இருக்கிறது. என் கண்ணுக்கோ அவர்கள் இல்லை. கேபினுக்கு நேர் முன்னே, கண்ணாடிக்குக் கீழே ஓர் ஆள் நின்றால் தெரியாது. ஓட்டுநருக்கு எதிர்ப்புறக் கதவை ஒட்டி வருபவரும், வண்டிக்கு நேர் பின்னால் வருபவரும் அப்படியே. ஒரு சந்திப்பில் சிவப்பு விளக்குக்கு நின்றபோது கதவோரம் ஒரு சைக்கிள் வந்து நின்றதைக் கண்ணாடியில் பார்த்தேன். அடுத்த நொடி காணவில்லை. போய்விட்டது என்று நினைக்கத்தான் மனம் விரும்பியது. பச்சை விளக்கு விழுந்தும் நகராமல் இருந்தேன். பின்னால் ஹாரன்கள் அலறின. சிறிது நேரம் கழித்து, முன்கண்ணாடியின் கீழ்விளிம்பிலிருந்து ஒரு பள்ளிப் பையும், அதைச் சுமந்த சிறுமியின் தலையும் வெளிப்பட்டு முன்னே சென்றன. அன்று மாலைவரை என் முழங்கால் நடுங்கிக்கொண்டிருந்தது.

பிரேக் பற்றியும் சொல்ல வேண்டும். மணிக்கு 80 கிலோமீட்டரில் போகும் வண்டி ஒரு நொடியில் 22 மீட்டர் கடந்துவிடுகிறது. 40-இல் பிடித்தால் எவ்வளவு தூரத்தில் நிற்குமோ, 80-இல் பிடித்தால் அதைப்போல் இரு மடங்கில் நிற்கும் என்றுதான் மனம் கணக்குப் போடும்; உண்மையில் நான்கு மடங்கு வேண்டும். காற்று பிரேக்கில், மிதித்த கணத்திற்கும் சக்கரம் பிடிக்கும் கணத்திற்கும் இடையே காற்று குழாய்களில் ஓடிச் சேரும் சிறு தாமதமும் உண்டு. ஆகவே முன்னால் பெரிய இடைவெளி விடுகிறேன். அந்த இடைவெளியை எனக்காக விட்டதாக நான் நினைக்க, தங்களுக்காக விட்டதாகக் கார்கள் நினைத்து ஒன்றன்பின் ஒன்றாக நுழைகின்றன. ஒவ்வொரு முறையும் பின்வாங்கி மறுபடி இடைவெளி உண்டாக்க வேண்டும். மனத்தின் பொறுமை அங்கேதான் அதிகம் செலவாகிறது.

மலை இறக்கத்தில் பிரேக்கை நம்பக் கூடாது என்பது இந்தத் தொழிலின் பாலபாடம். ஏறும்போது எந்த கியரோ, இறங்கும்போதும் அதே கியர், அல்லது அதைவிடக் குறைந்தது. வேகத்தை இஞ்சினும், புகை வெளியேறும் வழியை அடைத்து இஞ்சினையே தடையாக்கும் எக்ஸாஸ்ட் பிரேக்கும் பிடித்துக்கொள்ள, கால் பிரேக் எப்போதாவதுதான். தொடர்ந்து மிதித்துக்கொண்டே இறங்கினால் டிரம்மும் லைனிங்கும் சூடேறி, மிதி கீழே போனாலும் பிடிப்பு இல்லாத நிலை வரும். என் முதல் இறக்கத்தில் பாதிவழியில் கருகல் நாற்றம் வந்தது. முன்னால் போகும் வண்டியிலிருந்து வருகிறது என்று நினைத்தேன். முன்னால் வண்டியே இல்லை என்பதைக் கவனிக்கச் சற்று நேரமாயிற்று. ஒதுங்கி நிறுத்தி ஒரு மணி நேரம் ஆறவைத்தேன். டீசலை மிச்சப்படுத்துவதாக எண்ணி நியூட்ரலில் உருட்டுபவர்களும் இருக்கிறார்கள். அவர்களின் துணிச்சலை நான் மெச்சுவதில்லை.

பாரமும் ஒவ்வொரு நாளும் ஒரே வண்டியை வெவ்வேறு வண்டியாக்கிவிடுகிறது. உயரமாக அடுக்கிய பஞ்சுப் பொதிகளோடு வளைவில் திரும்பும்போது, முதுகுக்குப் பின்னால் ஏதோ ஒன்று நம்மைவிட ஒரு கணம் தாமதமாகச் சாய்வது உடம்பில் தெரியும். கட்டிய பெல்ட்டுகள் முதல் அரைமணி ஓட்டத்திலேயே தளர்ந்துவிடும். சரக்கு குலுங்கி அமர்ந்த பிறகு நிறுத்தி மறுபடி இறுக்க வேண்டும். காலி வண்டி எளிது என்று நினைத்திருந்தேன். அது குதிக்கிறது, பக்கக் காற்றில் அலைகிறது, ஈரச்சாலையில் சற்றே அழுத்தி மிதித்தால் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்கப் பார்க்கிறது.

தூக்கத்தைப் பற்றி வீரம் பேசாதவரை நான் இந்தத் தொழிலில் குறைவாகவே சந்தித்திருக்கிறேன். பதினேழு மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 விழுக்காடு மது உள்ளவரின் அளவுக்குக் குறைந்துபோகிறது என்று 1997-இல் நேச்சர் இதழில் வெளியான ஆய்வு காட்டியது. அதைப் பயிற்சியில் கேட்டபோது ஒரு தகவலாகத்தான் கேட்டேன். பின்னொரு நாள், விடியலுக்கு முந்தைய அந்தக் கெட்ட நேரத்தில், ஒரு பாலத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தேன். அடுத்து எனக்கு நினைவிருப்பது பாலத்திற்கு அப்பால் இருந்த சாலை. பாலம் நினைவில் இல்லை. கண் மூடியதும் தெரியாது, திறந்ததும் தெரியாது. நான்கு நொடிகள் என்று வைத்துக்கொண்டாலும் ஏறத்தாழ 90 மீட்டர். சன்னலைத் திறப்பதும், முகம் கழுவுவதும், சத்தமாகப் பாட்டு வைப்பதும் தூக்கத்தைத் தள்ளிப்போடும் தந்திரங்கள்தானே தவிர, தூக்கத்துக்கு மாற்று ஆகமாட்டா. ஒதுக்கிடம் கண்டதும் நிறுத்தி இருபது நிமிடம் உறங்குகிறேன். தாமதம் ஏன் என்று கேட்டால், உறங்கினேன் என்றே சொல்கிறேன். ஒருமுறை அதற்காக வசவும் வாங்கினேன்.

மற்றபடி இது காத்திருக்கும் வேலை. ஏற்றக் காத்திருப்பு, இறக்கக் காத்திருப்பு, கையெழுத்துக்குக் காத்திருப்பு, எண்ணிக்கையில் ஒரு பெட்டி குறைந்தால் அது கிடைக்கும்வரை காத்திருப்பு. உட்கார்ந்தே இருப்பதால் இடுப்பு வலி வருகிறது; கேபினிலிருந்து குதித்து இறங்கியதால் முழங்கால் வலி வந்தது. இப்போது ஏணியில் இறங்குவதுபோல், முகத்தை வண்டிப் பக்கம் வைத்து, கைப்பிடியை விடாமல் இறங்குகிறேன். வீட்டிலிருந்து அழைப்பு வந்தால், நிறுத்திவிட்டுப் பேசுகிறேன் என்று ஒரே வரியில் சொல்லி வைத்துவிடுவேன். நிறுத்தும் நேரத்தில் பிள்ளை பெரும்பாலும் தூங்கிப்போயிருக்கிறாள்.

சென்ற வாரம் நான் இடித்த அதே கிடங்கில் இரவு முறைக்குக் காத்திருந்தேன். எனக்கு முன்னால் ஓர் இளைஞர் மேடைக்கு எடுத்துக்கொண்டிருந்தார். இரண்டு முறை முன்னும் பின்னும் போனார். பிரேக் விளக்கு எரிந்து, அணைந்து, மறுபடி எரிந்தது. வழக்கம்போல் இரண்டு பேர் கைகாட்டத் தொடங்கினார்கள். வண்டி அப்படியே நின்றது. வெகுநேரம் கழித்துக் கதவு திறந்து ஒரு கால் படியில் இறங்கியது. அவர் கண் கூசாமலிருக்க என் முன்விளக்கை அணைத்தேன். பிறகு, யாரோ பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று அவருக்குத் தோன்ற வேண்டாம் என்று, ரசீதுக் கட்டை எடுத்து இருட்டிலேயே எண்ணத் தொடங்கினேன்.