விரல்களுக்கு இடம் விட்ட காலணி

பழைய செய்தித்தாள் ஒன்றைத் தரையில் விரித்து, அதன்மேல் வெறுங்காலுடன் நின்று, பாதத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு இழுத்தேன். ஆறு ஆண்டுகளாக அலுவலகத்துக்கு அணிந்துவரும் கறுப்பு ஷூவை அந்தக் கோட்டின்மேல் வைத்தபோது, சுண்டுவிரல் முழுவதும் பெருவிரலில் ஒரு பகுதியும் ஷூவுக்கு வெளியே கிடந்தன. சுண்டுவிரலின் ஓரத்தில் பிளாஸ்திரி ஒட்டிக் கரைக்கக் கரைக்க மீண்டும் முளைக்கும் ஆணி எங்கிருந்து வருகிறது என்பதற்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. அன்றிரவே, பல மாதங்களாகத் தயங்கிக்கொண்டிருந்த 'வெறுங்கால் ஷூ' ஒன்றை 4,200 ரூபாய் கொடுத்து இணையத்தில் வாங்கினேன்.

இவ்வகை ஷூவில் குதிகாலும் விரல்களும் ஒரே உயரத்தில் இருக்கும். அடிப்பகுதி கையால் சுருட்டிவிடக்கூடிய அளவுக்கு மெலிதாக இருக்கும். முன்பகுதி கூராகக் குறுகாமல் பாதத்தின் வடிவத்திலேயே அகன்றிருக்கும். நான் வாங்கியதற்கு 5 மி.மீ. தடிமனுள்ள இயற்கை ரப்பர் அடிப்பகுதி, பருத்தி கான்வாஸ் மேற்பகுதி, உள்ளே தக்கை. தோல் வேண்டாம் என்பதில் மட்டும் நான் உறுதியாக இருந்தேன். பாலாற்றில் கலந்த தோல் தொழிற்சாலைக் கழிவு குறித்து 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது நான் வாணியம்பாடியில் பள்ளி மாணவன். எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகாது என்று அம்மா அலுத்துக்கொண்டது இன்னும் காதில் இருக்கிறது.

ஷூ வந்த மறுநாள் காலையே, திருவான்மியூர் கடற்கரையிலிருந்து பெசன்ட் நகர் அஷ்டலட்சுமி கோயில் வரை நடந்துபோய்த் திரும்பினேன். அது முட்டாள்தனம். அடுத்த இரண்டு நாட்கள் மாடிப்படி இறங்கும்போது கைப்பிடியை இரு கைகளாலும் பற்றிக்கொண்டு, பக்கவாட்டில் நண்டுபோல இறங்கினேன். வழக்கமான ஓட்டப் பயிற்சி ஷூக்களில் குதிகால் பெரும்பாலும் 10 முதல் 12 மி.மீ. வரை உயர்ந்திருக்கும், அந்த உயரத்துக்கே பழகிப்போன கெண்டைக்கால் தசைகளையும் குதிகால் தசைநாணையும் திடீரென்று முழு நீளத்துக்கு இழுத்து வேலை வாங்கினால் அவை சும்மா இருக்குமா? 2013இல் அமெரிக்காவின் பிரிகாம் யங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பத்து வாரங்களில் இத்தகைய காலணிக்கு மாறிய ஓட்டக்காரர்கள் பலருக்குப் பாத எலும்பு மஜ்ஜையில் வீக்கம் தோன்றியதைப் பதிவுசெய்திருப்பதைப் பிறகுதான் படித்தேன். மறுவாரம் முதல் நாளுக்குக் கால் மணி நேரம் என்று தொடங்கி, மூன்று மாதங்களில்தான் பழைய நடைக்குத் திரும்பினேன்.

விற்பவர்கள் மெல்லிய அடிப்பகுதியைத்தான் பெரிதாகப் பேசுகிறார்கள். தரையை உணர்வது ஏதோ பேரனுபவம் என்கிறார்கள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் நாளெல்லாம் வெறுங்காலோடு திரியும் நமக்கு, மே மாதத்தில் கோயில் பிரகாரத்தின் கருங்கல்லில் குதித்துக் குதித்து ஓடிய நமக்கு, அதில் புதிதாக ஒன்றுமில்லை. எனக்குப் புதிதாகக் கிடைத்தது அகலம். நான்காவது மாதத்தில் ஆணி தானாக உதிர்ந்தது, மறுபடி வரவில்லை. அடையாற்றில் நான் தினமும் பேருந்தில் கடந்துபோகும் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம், 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை நாடு முழுவதும் 79 இடங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பாதங்களை முப்பரிமாணக் கருவிகளால் அளந்து, இந்தியர்களின் பாதம் சராசரியாக ஐரோப்பியர், அமெரிக்கர்களின் பாதத்தைவிட அகலமானது என்று கண்டறிந்தது. அதன் அடிப்படையில் 'பா' என்ற பெயரில் தனி அளவுமுறையையும் பரிந்துரைத்தது. கடைக்காரர் ஒவ்வொரு முறையும் "போடப்போட லூஸாயிடும் சார்" என்று சொல்லி அனுப்பிய ஷூக்கள் எல்லாம் வேறு யாருடைய பாதத்துக்கோ வகுக்கப்பட்ட அளவுகள்.

சென்னைத் தெருக்கள் மெல்லிய அடிப்பகுதிக்கு ஏற்றவை அல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். புதிதாகத் தார் போடுவதற்காகச் சுரண்டிவிட்டு வாரக்கணக்கில் அப்படியே விடப்பட்டிருந்த எங்கள் தெருவில் ஒவ்வொரு ஜல்லியும் உள்ளங்காலில் தனித்தனியாகத் தெரிந்தது. வெயில் காலத்தில் நண்பகல் சூடு ரப்பரைத் தாண்டி ஏறுகிறது. ஐப்பசி மழையில் ஒருமுறை நனைந்த கான்வாஸ் காய்வதற்கு மூன்று நாட்கள் ஆயின. அந்த வாடை போவதற்கு இன்னும் இரண்டு நாட்கள். மழை நாட்களில் இப்போது பழைய ரப்பர் செருப்புதான்.

சுற்றுச்சூழலைப் பொறுத்தவரை என் உற்சாகம் சற்றுத் தணிந்திருக்கிறது. சாதாரண ஷூவின் நுரை அடிப்பகுதி பெட்ரோலியத்திலிருந்து வருவது, மக்காதது. அதற்கு இயற்கை ரப்பர் எவ்வளவோ மேல். ஆனாலும் கந்தகம் சேர்த்து இறுக்கிய ரப்பர், ஷூ வந்த பெட்டியில் அச்சிட்டிருப்பதுபோல எளிதில் மண்ணோடு மண்ணாகிவிடாது. ஆகவே எத்தனை ஆண்டு உழைக்கும் என்பதுதான் என் கேள்வி, அதற்கு விடை எட்டாவது மாதத்தில் விரல் பக்கம் வாய் பிளந்தபோது கிடைத்தது. பேருந்து நிலையத்துக்கு அருகில் உட்காரும் செருப்புத் தைக்கும் பெரியவர் அதை இரண்டாக மடக்கிப் பார்த்துவிட்டு, "தையலே இல்ல சார், வெறும் சொல்யூஷன்ல நிக்குது" என்றார். தைத்துக் கொடுங்கள் என்றேன். தடித்த அடிப்பகுதியில் கத்தியால் பள்ளம் கீறி நூலை உள்ளே புதைக்கலாம், இதில் அதற்கு இடமில்லை, நூல் தரையில் உரசி ஒரு மாதத்தில் அறுந்துவிடும் என்று பொறுமையாக விளக்கினார். பிளந்ததை ஒட்டி, அடியில் ஒரு பழைய டயர்த் துண்டையும் ஒட்டட்டுமா என்று கேட்டார். அதைக் கீறித் தைக்கவும் முடியுமாம்.

சரி என்றேன். 150 ரூபாய் வாங்கினார். 5 மி.மீ. இப்போது ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் ஆகிவிட்டது, சுருட்டினால் சுருளாது, வெறுங்கால் ஷூ என்று இனி அதைச் சொல்ல முடியாது. முன்பக்க அகலம் மட்டும் அப்படியே இருக்கிறது, ஜல்லியும் குத்துவதில்லை.