ஒரே டிராக்டர், மூன்று தடவை

ஒரே டிராக்டர் பொம்மையை எதற்கு மூன்று தடவை வாங்கினாய் என்று வீட்டில் கேட்கிறார்கள். ஒரே டிராக்டரா அது! லிவர்பூலில் மெக்கானோ கம்பெனி 1948ல் டிங்கி என்ற பொம்மை வரிசையில் விட்ட மாஸி ஹாரிஸ் டிராக்டர், சிவப்பு உடம்பு, மஞ்சள் சக்கரம், முதலில் வந்ததில் சக்கரம் முழுக்க உலோகம், அப்புறம் ரப்பர் டயர், ஓட்டுநர்கூட உலோகத்திலிருந்து பிளாஸ்டிக் ஆகிவிட்டார். பட்டியலில் 27ஏ என்றிருந்த பொம்மையின் எண் 1954ல் 300 ஆனது. வேடிக்கை என்னவென்றால் நிஜ டிராக்டர் செய்த மாஸி ஹாரிஸ் கம்பெனி 1958லேயே மாஸி பெர்குசன் என்று பெயரை மாற்றிக்கொண்டது, பொம்மைக்கு அந்தப் பெயர் ஒட்ட அறுபதுகளின் நடுப்பகுதி ஆகிவிட்டது. சரி, மூன்றாவதை ஆசையாகத் துடைத்துப் பார்த்தால் பெயிண்ட் அசல் இல்லை, புதுசு, யாரோ திரும்ப அடித்திருக்கிறார்கள். விற்ற ஆளிடம் கேட்டேன், இன்னும் பதிலே இல்லை. வீட்டில் சொல்லவில்லை.